சுவர்களுக்குத் தன்னைக் கொடுத்தவர்: ஓவியர் ஸாதிகைனின் பிற்காலம்

பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஃபிரியர் ஹோல் என்றொரு பழைய கட்டடம் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில், 1865இல் திறக்கப்பட்டது. அதன் மேல்மாடிக் கூடத்தின் கூரையில் பிரமாண்டமான ஓர் ஓவியம் பரந்து கிடக்கிறது. அதை வரைந்தவர் ஸையித் ஸாதிகைன் அஹ்மத் நக்வி. ஸாதிகைன் என்ற ஒற்றைப் பெயரால் உலகம் அறிந்த ஓவியர். பூமியும் வானங்களும் என்று பொருள்படும் பெயரை அவர் அந்த ஓவியத்துக்குச் சூட்டினார். ஆனால் அது முற்றுப்பெறவில்லை. 1987 பெப்ரவரி 10ஆம் திகதி, தமது 56ஆவது வயதில் அவர் வபாத்தானபோது கூரையில் இன்னும் வேலை மிச்சமிருந்தது.

ஸாதிகைனின் வாழ்க்கையில் இளமைக் காலத்து வெற்றிகள் நிறையவே உண்டு. பரிஸ் நகரில் பரிசு பெற்றார். அரச விருதுகள் பெற்றார். என்றாலும் அவருடைய பிற்காலமே என்னை அதிகம் ஈர்த்தது. 1967ஆம் ஆண்டு முதல் இறப்பு வரையான அந்த 20 ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளின் பட்டியலைப் பார்த்தால், இவ்வளவையும் ஒரே மனிதர்தான் செய்தாரா என்று கேட்கத் தோன்றும். அதைவிட முக்கியமான கேள்வி, அவர் அவற்றை யாருக்காகச் செய்தார் என்பதாகும். அந்தக் கேள்வியைத் தொடர்ந்து செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிற்காலத்தைப் புரிந்துகொள்ள முற்காலத்தைச் சற்றுத் தெரிந்துகொள்வது அவசியம். ஸாதிகைன் 1930 ஜூன் 30ஆம் திகதி இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் உள்ள அம்ரோஹா என்ற ஊரில் பிறந்தார். அவருடைய குடும்பம் எழுத்தணிக் கலைக்குப் பேர்போனது. மூங்கில் அல்லது நாணல் எழுதுகோலை மையில் தோய்த்து, ஓர் எழுத்தின் வளைவைப் பல நாட்கள் பயின்று கைவசப்படுத்தும் பரம்பரை அது. ஆக்ரா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், பிரிவினையை அடுத்து அவர் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தார். அங்கு அவருடைய திறமையை இனங்கண்டு ஆதரித்தவர்களுள் ஒருவர், பின்னாளில் பிரதமரான ஹுஸைன் ஷஹீத் சுஹ்ரவர்தி.

1950களின் பிற்பகுதியில் ஸாதிகைன் கராச்சிக்கு அப்பால் உள்ள கடானி என்ற கடற்கரைப் பிரதேசத்தில் தனிமையில் சில காலம் தங்கினார். வெறும் மணலும் பாறையும் உப்புக் காற்றும் உள்ள இடம். அங்கே அவர் கண்டது கள்ளிச் செடிகளை. தண்ணீர் இல்லாத மண்ணில், யாரும் நடாமல், யாரும் பராமரிக்காமல், முள்ளும் தண்டுமாக வானை நோக்கி நிமிர்ந்து நிற்கும் கள்ளி அவர் மனதில் ஆழப் பதிந்தது. அன்றுமுதல் அவர் வரைந்த மனிதர்களின் விரல்களிலும் தோள்களிலும் அந்தக் கள்ளியின் கூர்மை தெரிந்தது. பின்னர் அது அவருடைய எழுத்துகளுக்குள்ளும் புகுந்தது.

1961ஆம் ஆண்டு அவருக்கு இரண்டு வகையில் முக்கியமானது. கராச்சியில் பாகிஸ்தானின் மத்திய வங்கிக் கட்டடத்துக்குப் பெரிய சுவரோவியம் ஒன்றை வரைந்தார். அதே ஆண்டில் பரிஸ் நகரின் இளம் ஓவியர்களுக்கான சர்வதேசக் கண்காட்சியில் பரிசும் வென்றார். தொடர்ந்து சில ஆண்டுகள் அவர் பிரான்ஸிலேயே இருந்தார். அங்கு அவர் செய்த வேலைகளில் ஒன்று, அல்பேர் கமு எழுதிய 'அந்நியன்' நாவலின் விசேட பதிப்பு ஒன்றுக்குக் கல்லச்சுப் படங்கள் தயாரித்தது. 1966இல் அந்தப் பதிப்பு வெளிவந்தது.

கல்லச்சு என்பது நம்மில் பலருக்கு இன்று அறிமுகமில்லாத ஒரு முறை. வழுவழுப்பாகத் தேய்த்த சுண்ணக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கட்டியால் படம் வரைவார்கள். பிறகு கல்லை நீரால் நனைத்து மையை உருட்டுவார்கள். எண்ணெய் உள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். நீர் உள்ள இடம் மையை விலக்கிவிடும். அதன்மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் கையால் வரைந்த கோடு அப்படியே காகிதத்துக்கு வந்துவிடும். உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிடும் முறையில் எழுத்தணியின் வளைவுகளைக் காப்பாற்றுவது கடினம். ஆதலால் தெற்காசியாவில் அரபு, உருது நூல்கள் நெடுங்காலம் கல்லச்சிலேயே அச்சாகின. நமது மூதாதையர் ஓதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் பலவும் இப்படிக் கல்லில் அச்சானவையே. எழுத்தணிக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பரிஸ் நகரில் கல்லச்சைக் கையாண்டதில் எனக்கு ஒரு பொருத்தம் தெரிகிறது. இரண்டிலும் கோடு கையிலிருந்தே பிறக்கிறது.

ஐரோப்பாவிலேயே தொடர்ந்து இருந்திருந்தால் ஸாதிகைன் செல்வந்தராகியிருக்கலாம். ஓவியக் கூடங்கள் இருந்தன, வாங்குவோர் இருந்தனர், புகழும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவர் நாடு திரும்பினார். திரும்பியதும் அவர் தேடிச் சென்ற இடம் ஓவியக் கூடமன்று, ஓர் அணைக்கட்டு.

ஜீலம் நதிக்குக் குறுக்கே கட்டப்பட்ட மங்ளா அணைக்கட்டு 1967இல் திறந்துவைக்கப்பட்டது. அதன் மின்னுற்பத்தி நிலையத்தினுள் 150 அடிக்கும் மேல் நீளமான சுவரோவியம் ஒன்றை ஸாதிகைன் அந்த ஆண்டில் வரைந்தார். அதன் பொருள் மனித உழைப்பு. கல்லை உடைத்த ஆதிமனிதன் தொடங்கி, நிலத்தை உழுதவர்கள், கருவிகளைச் செய்தவர்கள், இயந்திரங்களை இயக்கியவர்கள் என்று உழைப்பின் நெடுங்கதை சுவரில் ஊர்வலமாகச் செல்கிறது. கவிஞர் அல்லாமா இக்பாலின் சிந்தனைகள் அதற்குத் தூண்டுதலாக இருந்தன. சற்று யோசித்துப் பாருங்கள். மின்னுற்பத்தி நிலையத்துக்கு யார் வருவார்கள்? பொறியியலாளர்களும் தொழிலாளர்களும் வருவார்கள். காசு கொடுத்து ஓவியம் வாங்கும் எண்ணமே இல்லாத மனிதர்கள் தினமும் கடந்துபோகும் சுவரில், அவர்களைப் போன்றோரின் கதையையே அவர் எழுதி வைத்தார்.

இதன் பிறகு ஸாதிகைன் தெரிவுசெய்த இடங்களைப் பார்த்தால் ஒரு தெளிவான போக்கு புலப்படும். லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழக நூலகத்தின் சுவரில் அறிவைத் தேடும் மனிதனை வரைந்தார். 1973இல் லாகூர் நூதனசாலையின் நுழைவுக் கூடத்துக் கூரையை வரைந்தார். ஏறத்தாழ 100 அடி நீளமான அந்த ஓவியம் தனித்தனிப் பலகைகளில் வரையப்பட்டுக் கூரையில் பொருத்தப்பட்டது. மனித குலத்தின் வளர்ச்சி அதன் கருப்பொருள். வங்கி, அணைக்கட்டு, நூலகம், நூதனசாலை எல்லாமே பொதுமக்கள் கால்வைக்கும் இடங்கள். ஒருவர் வீட்டு வரவேற்பறையில் தொங்கும் ஓவியத்தை அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் மட்டுமே காண முடியும். நூதனசாலைக் கூரையைப் பாடசாலைப் பிள்ளையும் பார்க்கலாம், சந்தைக்கு வந்த விவசாயியும் பார்க்கலாம்.

அவருடைய பிற்காலத்தின் இன்னொரு பெரிய திருப்பம் எழுத்தணி. 1960களின் இறுதியில் அவர் திருக்குர்ஆன் வசனங்களை ஓவியமாக எழுதத் தொடங்கினார். ஸூறா அர்-ரஹ்மானை அவர் எழுதிய தொடர் மிகவும் புகழ்பெற்றது. இறைவனின் அருட்கொடைகளில் எதனைப் பொய்ப்பிப்பீர்கள் என்ற கருத்துள்ள ஒரே வினா அந்த ஸூறாவில் 31 தடவைகள் வருவதை நாம் அனைவரும் அறிவோம். சொல் ஒன்றாக இருந்தும், அதற்கு முன் சொல்லப்படும் அருட்கொடை மாறுகிறது. கடல், கனி, நட்சத்திரம் என்று வசனம் எதைச் சுட்டுகிறதோ அதன் சாயலைப் பின்னணியில் காட்டி எழுதும் ஓர் ஓவியருக்கு இதைவிடப் பொருத்தமான ஸூறா கிடைத்திருக்காது. லாகூர் நூதனசாலையின் இஸ்லாமியக் கூடத்தில் ஸூறா யாஸீனைப் பலகைகளில் மிக நீளமாக எழுதி வைத்தவரும் இவரே.

நமது கல்லூரியில் மீலாத் விழாவையொட்டி நடக்கும் அரபு எழுத்தணிப் போட்டியில் பங்குபற்றிய சகோதரிகளுக்கு இந்தக் கலையின் கட்டுப்பாடு எத்தகையது என்பது தெரியும். எழுதுகோலின் நுனியால் வைக்கும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், பே இத்தனை புள்ளி அகலம் என்று கணக்கு உண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒழுங்கு அது. ஸாதிகைன் அந்த ஒழுங்குக்குள் கட்டுப்பட்டு நிற்கவில்லை. அவருடைய அலிஃபும் லாமும் கடானிக் கடற்கரையின் கள்ளியைப் போலச் செங்குத்தாக எழுந்தன. ஸீனின் பற்கள் முட்களைப் போலக் கூர்மையாயின. நாணல் கோலுக்குப் பதிலாகத் தூரிகையும், வெள்ளைத் தாளுக்குப் பதிலாக வண்ணம் தீட்டிய துணியும் வந்தன.

மரபுவழி எழுத்தணியாளர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அளவு தவறிய எழுத்து என்று அவர்கள் கருதினார்கள். அவர்களின் கவலையை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். ஆயிரம் ஆண்டுகளாகப் பேணப்பட்ட அளவுகளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸாதிகைன் அந்த அளவுகளை அறியாதவர் அல்லர். அவை புழங்கிய வீட்டில் வளர்ந்தவர். தெரிந்த விதியைத் தாண்டுவதும், விதியே தெரியாமல் எழுதுவதும் ஒன்றல்ல. எங்களைப் போன்ற மாணவிகள் அவரைப் பார்த்துப் பயில விரும்பினால், முதலில் புள்ளி வைத்து அளந்து எழுதப் பழக வேண்டும். தாண்டுவது அதற்குப் பிறகு.

இன்னொரு விமர்சனமும் அவர்மீது உண்டு. ஆட்சியாளர்களும் மக்களும் எழுத்தணியை விரும்பியதால்தான் அவர் அதற்கு மாறினார் என்று கூறுவோர் உள்ளனர். காலவரிசையை எடுத்துப் பார்த்தால் இது முழுவதும் சரியாகத் தெரியவில்லை. எழுத்தணிக்கு அரச ஆதரவு பெருகியது 1970களின் பிற்பகுதியில். அவர் எழுதத் தொடங்கியதோ அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னால். மேலும், எழுத்தணிக்கு வந்த பிறகும் அவர் மனித உருவங்களை வரைவதை நிறுத்தவில்லை. அந்த உருவங்களுக்காக அவர் கடும் எதிர்ப்பையும் சந்தித்தார். 1970களில் லாகூரில் அவருடைய கண்காட்சி ஒன்று பெரும் சர்ச்சைக்குள்ளானது. உருவம் வரைதல் பற்றிய மார்க்கத் தீர்ப்புகளை எடைபோடும் தகுதி எனக்கில்லை. அதை ஆலிம்களிடம் விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வருவது, மக்கள் கைதட்டுவதை மட்டும் செய்கிற மனிதராக அவர் இருக்கவில்லை என்பதே.

அவர் கவிஞருமாவார். ருபாயீ எனப்படும் நான்கடிக் கவிதைகளை உருது மொழியில் ஏராளமாக எழுதினார். அவற்றைத் தாமே எழுத்தணியில் எழுதி, தாமே படமும் வரைந்தார். காலிபின் நூறாவது நினைவாண்டான 1969ஐ ஒட்டிக் காலிபின் கவிதைகளை ஓவியமாக்கினார். இக்பாலின் கவிதைகளையும் ஃபைஸ் அஹ்மத் ஃபைஸின் கவிதைகளையும் அவ்வாறே தீட்டினார். எழுத்து, கவிதை, படம் மூன்றும் அவரிடத்தில் தனித்தனி அறைகளாக இருக்கவில்லை.

1981இன் இறுதியில் அவர் இந்தியாவுக்குச் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கினார். இரு நாடுகளும் 1971இல் போரிட்டுப் பத்து ஆண்டுகளே ஆகியிருந்தன. அந்தப் பயணத்தில் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திலும், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்திலும், ஹைதராபாத்தில் உள்ள தேசியப் புவிப் பௌதிகவியல் ஆய்வு நிறுவகத்திலும் சுவரோவியங்கள் வரைந்தார். டில்லியின் இஸ்லாமியக் கற்கைகள் நிறுவகத்தில் அல்லாஹ்வின் 99 திருநாமங்களை எழுத்தணியில் எழுதினார். முஸ்லிம் பல்கலைக்கழகம், இந்துப் பல்கலைக்கழகம், விஞ்ஞான நிறுவகம் என்று அவர் பேதம் பார்க்கவில்லை. இவற்றையெல்லாம் அவர் அன்பளிப்பாகவே கொடுத்தார். பிறந்த மண்ணுக்குப் பிள்ளை கொண்டுவந்த சீதனம் என்றே எனக்கு அதைச் சொல்லத் தோன்றுகிறது.

அன்பளிப்பு என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஸாதிகைன் தம் ஓவியங்களை விற்பதில் நாட்டம் காட்டவில்லை. ஆயிரக்கணக்கில் வரைந்தார், அவற்றுள் பெரும்பகுதியை நண்பர்களுக்கும் நிறுவனங்களுக்கும் கேட்டு வந்தவர்களுக்கும் கொடுத்துவிட்டார். அவர் மணம் முடிக்கவில்லை. தம்மை ஒரு ஃபக்கீராகவே கருதினார். சித்திரத்தை உயர்தரப் பாடமாக எடுக்கப் போகிறேன் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது சோறு போடுமா என்று வீட்டில் உம்மாவும் வாப்பாவும் கேட்பது வழக்கம். ஸாதிகைனின் வாழ்க்கையை அந்தக் கேள்விக்கு விடையாகக் காட்ட முடியாது. அவர் புகழின் உச்சியில் இருந்தும் பொருள் சேர்க்காத மனிதர். பெற்றோரின் கவலை நியாயமானதுதான். பிள்ளைக்கு ஒரு வருமானம் வேண்டும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். இறைவன் ஒரு பிள்ளையின் கையில் வைத்த திறமை அமானிதம் என்றால், அது யாரிடம் போய்ச் சேர வேண்டியது?

கொடுத்ததற்கு அவர் ஒரு விலையும் கொடுத்தார். எதை யாரிடம் கொடுத்தோம் என்ற பதிவு இல்லாமல் ஓவியங்கள் பல திக்கிலும் சிதறின. சில காணாமற்போயின. அவர் பெயரில் போலி ஓவியங்கள் சந்தைக்கு வந்தன. லாகூர் நூதனசாலையின் கூரையோவியம் காலப்போக்கில் பழுதடைந்து, பலகைகளைக் கழற்றி இறக்கிச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. பொதுச் சுவரில் வரைந்த ஓவியத்துக்கு எல்லாரும் உரிமையாளர்கள். எல்லாரும் உரிமையாளர்கள் என்பதனாலேயே பல சமயங்களில் அதைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமற் போய்விடுகிறது. கொடுப்பவர் தம் கடமையை முடித்துவிட்டார். பேணுவது பெற்றுக்கொண்டவர்களின் கடமை. ஸாதிகைனின் கதையில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடந்தான்.

இந்த உறுத்தல் பாகிஸ்தானோடு நிற்பதன்று. நமது ஊர்களிலும் பழைய பள்ளிவாசல் மிம்பர்களில் பெயர் தெரியாத ஒருவர் செதுக்கிய எழுத்துகள் உண்டு. வீட்டுப் பரணில் கல்லச்சுக் கிதாபுகள் கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. அவற்றை எழுதியவரும் செதுக்கியவரும் நம்மிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த தடவை பரணைத் துப்புரவு செய்யும்போது, பழைய கடதாசி என்று கட்டி வீசும் முன் ஒருமுறை பிரித்துப் பார்க்கலாம். அடுத்த தடவை பள்ளிவாசலைப் புதுப்பிக்கும்போது, மேலே வர்ணம் பூசும் முன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கலாம்.

தம் வாழ்வின் கடைசி மாதங்களில் ஸாதிகைன் ஃபிரியர் ஹோலின் உயர்ந்த கூரைக்காகப் பூமியையும் வானங்களையும் வரைந்துகொண்டிருந்தார். உடல் தளர்ந்த பின்னும் அவர் சிறிய வேலை ஒன்றைத் தெரிவுசெய்யவில்லை. அதையும் கராச்சி மக்களுக்காகவே வரைந்தார். அவர் ஸஹி ஹஸன் மையவாடியில் நல்லடக்கம் செய்யப்பட்டார். இன்று அந்தக் கூடம் அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து அந்த ஓவியத்தை வேறு எவராலும் தொடர முடியாது. அதைப் பாதுகாப்பது மட்டும் பின்வருவோரின் கையில் இருக்கிறது.